தெற்குக் கோடு

கோடு ஓர் உள்ளங்கை அகலம் நகர்ந்திருந்தது.

கிழக்கு அப்போதுதான் வெளுத்துக்கொண்டிருந்தது. ஜூன் மாத ஃபீனிக்ஸில் தோட்ட வேலைக்காரனுக்கு அதுதான் பட்டப்பகல். உச்சிப் பொழுது நெருங்கிவிட்டால் மண்வெட்டியின் இரும்பு கைத்தோலைக் கேட்காமலே உரித்துக்கொள்ளும். எலிகியோ பராஸா மிஸஸ் ஹாகனின் வீட்டு முன்வாசலில், காப்பிக் கோப்பையும் கையுமாக, தான் மார்ச் மாதம் நட்ட சகுவாரோக் கள்ளியை அண்ணாந்து பார்த்தபடி நின்றான். மூன்று ஆள் உயரம். விலா எலும்புகளைப் போல மேலிருந்து கீழ்வரை பச்சை வரிகள், வரிக்கு வரி முள். இரண்டு கைகளையும் ஒரே பக்கம் நீட்டி, வீட்டு ஜன்னலைப் பார்த்து நின்றது. கைகளுக்கு நடுவே, நெஞ்சுக்கு நேராக, வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு.

அந்தக் கோடு ஜன்னலின் நட்ட நடுவைப் பார்க்க வேண்டும். பார்க்கவில்லை. சற்றே கிழக்கே ஒதுங்கி, எதையோ கேட்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தது.

அவன் குனிந்து பார்த்தான். அடியில் பரப்பிய செம்பழுப்புச் சரளை கலையவில்லை. சொட்டுநீர்க் குழாய் விட்ட இடத்தில் அப்படியே வளைந்து கிடந்தது. மண்ணில் ஒரு கீறல் இல்லை.

டிக்... டிக். நிறுத்தி, டிக்.

திடுக்கிட்டுத் திரும்பினான். மனைவியின் தம்பி நபோர்தான். பிக்கப் வண்டியின் கூரையில் விரல் முட்டியால் இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு தட்டு. கிளம்பலாம் என்பதற்கு அவன் வைத்திருக்கும் சங்கேதம். கதவைத் தட்டினாலும் கழிப்பறையைத் தட்டினாலும் அவனுக்கு அதே தாளம்தான்.

“என்ன மச்சான், அதுகூட நின்னு நின்னு பேசிட்டிருக்க? அக்கா கிட்ட சொல்லவா?”

“வாய மூடு மாப்ள. நீ இதத் தொட்டியா?”

“எத?”

“திருப்பிக் கிருப்பி வெச்சியா?”

“நாலு டன் கள்ளிய ஒத்தைக் கையால திருப்ப அது என்ன தோர்த்தியா ரொட்டியா?”

எலிகியோ சிரித்தான். வாய் மட்டும்தான் சிரித்தது.

*

சகுவாரோவைப் பெயர்த்து நடும் தொழிலில் எல்லாவற்றையும் பேரம் பேசலாம். கிரேன் வாடகையைப் பேசலாம், சரளையின் நிறத்தைப் பேசலாம், ஆள் கூலியைப் பேசிப் பேசியே எதிராளியை அழவைக்கலாம். ஒன்றை மட்டும் பேச முடியாது. பாலைவனத்தில் அது நிற்கும் இடத்திலேயே, தோண்டுவதற்கு முன்னால், அதன் தெற்குப் பக்கத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு இழுக்க வேண்டும். புது இடத்தில் நடும்போது அந்தக் கோடு மறுபடியும் தெற்கே பார்க்க வேண்டும். பிறந்த நாள் முதல் தெற்கு வெயிலை வாங்கி வாங்கி அந்தப் பக்கத்துத் தோல் செருப்புத் தோலாகக் காய்ப்பேறியிருக்கும். வடக்குப் பக்கம் கைக்குழந்தையின் வயிறு. அதைக் கொண்டுபோய் வெயிலுக்குக் காட்டினால் முதலில் மஞ்சளிக்கும், பிறகு கறுக்கும், பிறகு உள்ளுக்குள் கூழாகும். ஒருநாள் காற்றே இல்லாத நேரத்தில் யார் தலையிலாவது சாயும்.

இந்தக் கள்ளிக்குக் கைகள் இரண்டும் வடக்குப் பக்கம். மிஸஸ் ஹாகனின் வீடோ வடக்கு பார்த்த வீடு. முறைப்படி நட்டால் கைகள் தெருவைப் பார்க்கும்; ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் அம்மாளுக்கு முதுகுதான் மிஞ்சும்.

“அது ஏன் எனக்கு முதுகக் காட்டணும்?” என்று கேட்டாள் அவள், கிரேனில் கள்ளி தொங்கிக்கொண்டிருந்த நேரத்தில். மினசோட்டாவில் கணவரைப் புதைத்துவிட்டு மூட்டுவலிக்கு வெயில் தேடி வந்தவள். தேன் தடவிய குரல், தேனுக்குள் ஊசி.

“முதுகு இல்ல மேடம். அது தெற்கு.”

“நான் காசு குடுத்தது கைங்களுக்கு. யாரோ வா வான்னு கூப்பிடற மாதிரி ஜன்னல் வழியா தெரியணும். அவர் போனதுக்கப்புறம் என்னை யாரும் அப்படிக் கூப்பிடல, எலிகியோ.”

“திருப்பி வெச்சா வெந்துடும் மேடம்.”

“வெயில்ல வளர்ற செடி வெயில்ல வேகுமா? போங்க. பக்கத்து வீட்டுக்கு வேலை செய்யறவர் கிட்ட கேட்டேன். ஒரு வார்த்தை பேசாம திருப்பித் தரேங்கறார்.”

எலிகியோ பேரம் தெரிந்தவன். எந்த இடத்தில் எதிராளி எழுந்து போய்விடுவார் என்பதும் தெரிந்தவன். திருப்பினான். ஆனால் ஒரு வருடத்துக்கு உத்தரவாதம் எழுதிக் கொடுத்திருந்தான். கள்ளி செத்தால் யாராவது வந்து பார்ப்பார்கள். கோடு வடக்கே இருப்பதைப் பார்ப்பார்கள். லைசென்ஸ் போர்டுக்கு ஒரு புகார் போதும். பன்னிரண்டு வருடம் அடுத்தவன் பெயரில் குழி வெட்டி, தேர்வில் இரண்டு முறை தோற்று, கடைசியில் வாங்கிய லைசென்ஸ். அந்த எண்ணை வண்டிக் கதவில் தன் கையாலேயே எழுதியிருந்தான். மகளின் பெயரைக்கூட எங்கும் அத்தனை பெரிதாக எழுதியதில்லை.

ஆகவே அந்த மதியம், மேடம் தூங்கப் போனபின், நபோர் தின்னரில் நனைத்த துணியால் பழைய கோட்டை அழித்தான். எலிகியோ எதிர்ப்பக்கத்தில், கைகளுக்கு நடுவே, இளந்தோலின்மேல், புதுக் கோடு இழுத்தான். அவன் இழுக்கும் கோட்டைத் தொழிலில் இருப்பவர் எவரும் கண்டுபிடித்துவிடுவார்: அடியில் முடிக்கும்போது தூரிகை இடப்பக்கமாக ஒரு சின்னச் சுழிப்புச் சுழித்து நிற்கும்.

“மச்சான்,” என்றான் நபோர், துணியை உதறியபடி. “தெற்கு எதுன்னு இதுக்குத் தெரியாதா?”

“இதுக்கு லைசென்ஸ் இல்ல மாப்ள. எனக்கு இருக்கு.”

இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

*

கோடு நகர்ந்த அன்று, மேட்டுத் தெருவில் ஒரு வீட்டு நிழலில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டுப் புரீத்தோவைப் பிரிக்கும்போதுதான் நபோர் சட்டைப் பித்தானைக் கழற்றிக் காட்டினான்.

“இது என்னன்னு பாரு மச்சான்.”

நெஞ்சும் வயிறும் சிவந்து, நடுவில் கொப்புளமிட்டு, ஓரங்களில் வெளிறிய மஞ்சளாக இருந்தன. முழுக்கைச் சட்டையைக் கழுத்துவரை பூட்டாமல் நபோர் ஒருநாளும் வேலைக்கு இறங்கியதில்லை. முகத்தில் ஒன்றுமில்லை. கைகளில் ஒன்றுமில்லை.

“எங்கடா சட்டையில்லாம படுத்துக் கெடந்த?”

“எங்கயும் இல்ல. வெயிலு சட்டைய மட்டும் கழட்டிட்டு உள்ள வந்துட்டுப் போயிருக்கு.” சொல்லிவிட்டு நபோர் சிரித்தான். பிறகு தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வாயில் கவிழ்த்துக்கொண்டான். குடித்தான். குடித்துக்கொண்டே இருந்தான். தொண்டை ஏறி இறங்கும் சத்தம் மட்டும் அந்த நிழலில் கேட்டது. குடம் காலியானபின் அதைக் கீழே வைத்து, ஏதோ இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்பது போல உதட்டைத் துடைத்தான்.

எலிகியோ அவன் நெற்றியைப் பார்த்தான். அந்த அனலில் நபோருக்கு ஒரு துளி வியர்வை இல்லை.

மருத்துவமனையில் வெயில் புண் என்றார்கள், களிம்பு கொடுத்தார்கள். களிம்பு போட்ட இடம் மறுநாள் இன்னும் மஞ்சளித்தது. தோலிலிருந்து ஒரு வாடை வர ஆரம்பித்தது. அழுகல் என்று சொல்ல முடியாது. வெட்டிய பூசணியை வண்டிக்குள் வைத்து மறந்துவிட்டால் வருமே, அந்த இனிப்பும் புளிப்புமான பச்சை வாடை. எலிகியோவுக்கு அது தெரிந்த வாடை. சூடுபட்ட கள்ளியின் வாடை. வண்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு, சாலையையே பார்த்து ஓட்டினான்.

மிஸஸ் ஹாகன் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“எலிகியோ, யார்கிட்டயும் கேக்காம அதத் திருப்பிட்டுப் போயிருக்கீங்க.”

“நான் வரவே இல்லையே மேடம்.”

“அப்ப யாரு? மூஞ்சி முழுசாத் தெரிஞ்சுது. இப்ப பாதிதான் தெரியுது. என்கிட்ட கோவிச்சுக்கிட்ட மாதிரி இருக்கு.”

போய்ப் பார்த்தான். கோடு இப்போது கிழக்கு வேலியைப் பார்த்தது. கைகளும் கிழக்கே. சரளையில் ஒரு கல்கூடப் புரளவில்லை. காற்றில்லை. பறவைச் சத்தமில்லை. எங்கோ ஓர் ஏசி இயந்திரம் இரைந்து, நின்று, மறுபடி இரைந்தது. தொழில் பழக்கத்தில் கை தானாக எழுந்து, முள்ளுக்கு இடையில் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தது. உள்ளே அழுகியிருந்தால் பொத்தென்று கேட்கும். நலமாக இருந்தால் தண்ணீர் நிறைந்த மந்தமான கனத்த சத்தம். கனத்த சத்தம்தான் வந்தது. வெயில் பட்ட பக்கத்தில் மஞ்சள் ஆறிக்கொண்டு வந்தது. கள்ளி தேறியிருந்தது. மார்ச்சில் இருந்ததைவிடக் கொழுகொழுவென்று.

அதைப் பார்த்து அவனுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும்.

*

நபோர் ஒருமுறைதான் கேட்டான். வேலை முடிந்து வண்டியில் வரும்போது. முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பி வைத்திருந்தான். சாலை எந்தப் பக்கம் வளைந்தாலும் அந்த முகம் மெல்ல, மிக மெல்ல, வெயில் இருக்கும் பக்கம் போய்ச் சேர்ந்தது.

“மச்சான். அத மறுபடி தெற்கு பாக்கத் திருப்பி வெச்சுடலாமா?”

இந்தத் தடவை குரலில் கேலி இல்லை.

“எதுக்கு?”

“எதுக்குன்னு உனக்கும் தெரியும்.”

எலிகியோ கணக்குப் போட்டான். வியாபாரி வீட்டில் வளர்ந்தவனுக்குக் கணக்கு மூச்சு மாதிரி, நிறுத்த முடியாது. கிரேன் வர வேண்டும். மேடத்திடம் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் கோடு வரும். கோடு வந்தால் புகார் வரும்.

“அக்டோபர் வரட்டும் மாப்ள. வெயில் தணிஞ்சதும் பாத்துக்கலாம். இப்ப தோண்டினா நம்ம லைசென்ஸையும் சேத்துத் தோண்டி எடுத்துடுவாங்க.”

“சரி மச்சான்,” என்றான் நபோர்.

கோபித்திருந்தால் பரவாயில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. வெறுமனே சரி என்றான், தொண்டைக்குள் தண்ணீர் அசையும் சத்தத்தோடு.

அதன்பின் நபோர் வேலைக்கு வரவில்லை. எலிகியோ வீட்டுப் பின்கட்டு அறையில்தான் அவன் இருந்தான். இர்மா தம்பிக்குக் குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். கட்டிலைச் சுவரோரம் போட்டால் காலையில் கட்டில் குறுக்கே கிடந்தது, கால்மாடு தெற்கே. இழுத்துப் போட்டால் மறுநாள் மறுபடி. “சிறுநீரே போகல, கெழவா,” என்றாள் இர்மா. நாற்பத்தாறு வயதுப் புருஷனை அவள் கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து அப்படித்தான் கூப்பிட்டாள். “குடிக்கிறதெல்லாம் எங்க போகுது?”

எலிகியோ காலிக் குடத்தைக் கையில் எடுத்தான். எங்கே போகிறது என்று அவனுக்குத் தெரியும். நபோரின் கணுக்கால் தடித்திருந்தது. கழுத்து தடித்திருந்தது. தோலில், மிக லேசாக, மேலிருந்து கீழ்வரை, வரிகள்.

லைசென்ஸ் போனால் போகட்டும் என்று அவன் முடிவெடுத்தபோது, முடிவு நன்றாகத்தான் இருந்தது. நாள்தான் கடந்துவிட்டிருந்தது.

*

கிரேன்காரனை வரச் சொல்லிவிட்டு மிஸஸ் ஹாகன் வீட்டுக்குப் போனான். வாசலிலேயே எல்லாவற்றையும் கொட்டினான். கோட்டை அழித்தது, பொய்க்கோடு இழுத்தது, உத்தரவாதத்துக்குப் பயந்தது.

“புகார் குடுங்க மேடம். நானே எழுதித் தரேன். ஆனா இன்னிக்கே அத நான் சரியாத் திருப்பி வெச்சாகணும்.”

அவள் அவனை விநோதமாகப் பார்த்தாள்.

“இன்னும் எங்க திருப்பப் போறீங்க?” என்றாள். “முழுசாத்தான் திரும்பிடுச்சே. போய்ப் பாருங்க. சுத்தமா முதுகக் காட்டிடுச்சு.”

எலிகியோ திரும்பினான்.

கைகள் இரண்டும் தெருவைப் பார்த்தன. வடக்கே. அதன் காய்ப்பேறிய முதுகு ஜன்னலுக்கு நேராக, தெற்கே, வெயிலை வாங்கிக்கொண்டு நின்றது. தின்னர் போட்டு அழித்த இடத்தில், தோலுக்கு அடியிலிருந்து ஊறி வந்தது போல, பழைய கோடு. வெள்ளையாக. நேராக.

அது தன் திசையைக் கண்டுபிடித்துவிட்டது. இனித் திருப்புவதற்கு ஒன்றுமில்லை. கிரேன் வந்தாலும் தூக்குவதற்கு ஒன்றுமில்லை. சரிசெய்ய வேண்டியது எதுவும் இந்த வாசலில் இல்லை.

கை தானாக எழுந்தது. தட்டியது.

கனத்த சத்தம்.

அப்புறம், உள்ளேயிருந்து.

டிக்... டிக்.

நிறுத்தம்.

டிக்.

எலிகியோ கையை இழுத்துக்கொண்டான். முள் கிழித்து ரத்தம் வந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை. காதை அருகே கொண்டுபோனான். உள்ளே யாரோ மிக ஆழத்தில், மிகப் பொறுமையாக, கிளம்பலாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டு. நிறுத்தம். ஒன்று. இரண்டு. நிறுத்தம். ஒன்று.

“நபோர்,” என்றான். “மாப்ள.”

தட்டல் வேகமெடுத்தது.

சட்டைப் பையில் தொலைபேசி அடித்தது. இர்மா.

“கெழவா, உடனே வா. அவன் எந்திரிச்சு முற்றத்துல போய் நிக்கிறான். கூப்பிட்டா காதுலயே வாங்கல. தரை கொதிக்குது, செருப்புகூட இல்ல. என்னால நகத்த முடியல.”

*

வழியெல்லாம் வெயில். சாலை நீராக நெளிந்தது. சிவப்பு விளக்குகளை அவன் பார்க்கவில்லை.

முற்றத்தில் நபோர் நின்றான்.

தெற்கு பார்த்து. கைகள் இரண்டும் முன்னால் லேசாக உயர்ந்து, முழங்கையில் மடங்கி. சட்டை திறந்து கிடந்தது. உச்சி வெயில் முகத்தில் கொட்டியும் கண்கள் மூடவில்லை. இமை அசையவில்லை. நெஞ்சில், தொண்டைக்குழியிலிருந்து தொப்புள் வரை, வெள்ளைக் கோடு. பெயிண்ட் இன்னும் ஈரம். அடியில், இடப்பக்கமாக, ஒரு சின்னச் சுழிப்பு.

எலிகியோ அந்தச் சுழிப்பையே பார்த்தான். உலகத்தில் வேறு யாரும் அப்படி முடிப்பதில்லை.

“வாடா. உள்ள வா. மாப்ள, வா.”

தோளைப் பிடித்துத் திருப்பினான். அசையவில்லை. பின்னால் போய் இடுப்பைக் கட்டித் தூக்கினான். மனிதக் கனம் இல்லை அது. குனிந்து காலைப் பார்த்தான். கணுக்காலைச் சுற்றிச் சரளை கலையாமல், பல வருடமாய் அப்படியே கிடந்தது போல, பொருந்திக் கிடந்தது. ஒரு கல் புரளவில்லை.

அந்தப் பச்சை வாடை.

வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் நின்றபடி, விரல் முட்டியால் தட்டினான். இரண்டு. நிறுத்தம். ஒன்று.

தண்ணீர் நிறைந்த சத்தம்.

காத்திருந்தான். பதில் இல்லை. பதில் சொல்கிறவன் இங்கே இல்லை.

அப்போது குளிர்ந்தது.

தொண்டைக்குழியில். சட்டைக்கு உள்ளே. ஈரமான மயிர்த்தூரிகை. பித்தான்கள் எல்லாம் பூட்டியே இருந்தன. தூரிகை இறங்கியது. அவசரமில்லாமல். நெஞ்செலும்பு வழியே. வயிறு வழியே. தொழில் தெரிந்த கை. தொப்புளுக்குக் கீழே நின்றது.

இடப்பக்கமாகச் சுழித்தது.

வெயில் முகத்தில் விழுந்தது. கண்ணை மூட நினைத்தான். திரும்ப நினைத்தான். வடக்கே, நிழல் இருக்கும் பக்கம், வீட்டுக் கதவு இருக்கும் பக்கம். கால் கேட்கவில்லை. தாகம். எத்தனை குடமும் போதாத தாகம்.

பின்னால் கதவு திறந்தது. சரளையில் இர்மாவின் செருப்புச் சத்தம்.

“ரெண்டு பேரும் ஏன் இப்படி நிக்கிறீங்க? கெழவா. உன்னத்தான்.”

வாய் திறக்கவில்லை.

“கெழவா?”

அவள் அவன் முதுகில் தட்டினாள்.

அந்தச் சத்தம் அவனுக்கும் கேட்டது. மந்தமாக. கனமாக. உள்ளே தண்ணீர் நிறைந்து நிற்கும் சத்தம்.